சுவிட்ச் லாக்கை எங்கே வைப்பது: பஃபரா, ஃப்ளாஷா, சிஸ்லாக் சர்வரா?

போர்ட் விழுந்தாலும், லூப் (பாக்கெட்டுகள் வட்டமாகச் சுற்றும் இணைப்பு) உருவானாலும், யாராவது கான்ஃபிக்கைத் தொட்டாலும் மேனேஜ்டு சுவிட்ச் (கட்டளை கொடுத்து அமைக்கக்கூடிய நெட்வொர்க் சுவிட்ச்) அதை ஒரு வரியாக எழுதிவிடும்; அந்த வரிகள்தான் லாக். மறுநாள் காலை தேடும்போது அந்த வரி இன்னும் இருக்கிறதா, அதில் உள்ள நேரத்தை நம்பலாமா என்பதில்தான் சிக்கலே. லாக் எங்கே போய்ச் சேருகிறது, எந்த லெவல் வரை போகிறது, கடிகாரம் சரியா என்ற மூன்றும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

இந்த ஒப்பீட்டுக்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ், 9200 போன்ற சுவிட்சுகளை எடுத்துக்கொள்வோம். இருபது சுவிட்ச் வரை உள்ள அலுவலகம் அல்லது கல்லூரி வளாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோடிக், டிபி-லிங்க் போன்றவை முக்கியமான இடத்தில் வேறுபட்டால் அங்கங்கே சொல்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பஃபரை (சுவிட்ச்சின் ராமில் இருக்கும் லாக்) பெரிதாக்குங்கள், ஒரு சிஸ்லாக் சர்வர் (எல்லா சுவிட்ச்சின் லாக்கையும் நெட்வொர்க் வழியாகப் பெறும் கணினி) வையுங்கள், கன்சோலை (நேராகக் கேபிள் போட்டுப் பார்க்கும் வழி) அடக்குங்கள். ஃப்ளாஷ் (கரண்ட் போனாலும் அழியாத உள் சேமிப்பு), சர்வருக்குப் போகும் வழியே அறுந்துபோகும் நேரத்துக்கான துணை மட்டும். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

ஒரு வரியில் என்ன இருக்கிறது

*மார்ச் 1 00:04:17.233: %லிங்க்-3-அப்டவுன்: இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்1/0/7, சேஞ்ச்டு ஸ்டேட் டு டவுன்

தொடக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைப் பலர் கவனிப்பதே இல்லை. சுவிட்ச்சின் கடிகாரம் நம்பத் தகுந்ததல்ல என்று சுவிட்ச்சே ஒப்புக்கொள்ளும் குறி அது. நேரம் அமைக்கப்படாத ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) சுவிட்சுகள் பல, பூட் ஆனதும் 1993 மார்ச் 1 என்ற தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே மேலே உள்ள வரி சொல்வது, சுவிட்ச் எழுந்து ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் ஏழாவது போர்ட் விழுந்தது என்பதை மட்டுமே. அது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு புள்ளி இருந்தால், முன்பு என்டிபியோடு (நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் பெறும் முறை) ஒத்துப்போயிருந்த கடிகாரம் இப்போது அந்தத் தொடர்பை இழந்துவிட்டது என்று பொருள். எந்தக் குறியும் இல்லாவிட்டால்தான் நேரம் சரி.

சதவீதக் குறிக்குப் பின் வரும் 'லிங்க்' எந்தப் பகுதி பேசுகிறது என்பதைச் சொல்கிறது. நடுவில் இருக்கும் 3 தீவிரம். 'அப்டவுன்' அந்தச் செய்தியின் சுருக்கப் பெயர். கூகுளில் தேடும்போது இந்த மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்; வாக்கியத்தை அப்படியே ஒட்டினால் உங்கள் போர்ட் எண்ணும் சேர்ந்து தேடலைக் கெடுத்துவிடும்.

தீவிரம் 0 முதல் 7 வரை: எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்னிங், நோட்டிஃபிகேஷன், இன்ஃபர்மேஷனல், டீபக். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். ஒரு லெவலைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் அதற்குக் கீழுள்ள எண்களும் பதிவாகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'எரர் வரை போதும், மற்றதெல்லாம் இரைச்சல்' என்று 3-ல் நிறுத்துகிறவர்கள் அதிகம். ஆனால் சிஸ்கோவின் எண்கள் அந்த எதிர்பார்ப்புக்கு ஒத்துவராது. யாரோ பிசியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் வரும் லிங்க் அப்டவுன் 3. லூப் இருக்கிறது என்று காட்டும் மேக் ஃப்ளாப் செய்தி (ஒரே சாதனத்தின் மேக் முகவரி இரண்டு போர்ட்டுக்கிடையே தாவுவது) 4. போர்ட்டை சுவிட்ச்சே மூடிவிட்டது என்று சொல்லும் எரர்-டிசேபிள் 4. டூப்ளெக்ஸ் பொருந்தவில்லை, நேட்டிவ் விலான் (விலான்: ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பொருந்தவில்லை என்று சிடிபி (பக்கத்து சாதனத்தை அறியும் சிஸ்கோ நெறிமுறை) சொல்வதும் 4. யார் கான்ஃபிக் மாற்றினார்கள் என்பது 5. சுவிட்ச் மறுபடி எழுந்தது என்பதும் 5. ஆக 3-ல் நிறுத்தினால் மாலை ஐந்தரை மணிக்கு அணையும் பிசிகளின் பட்டியல் முழுதாகக் கிடைக்கும், நெட்வொர்க் ஏன் படுத்தது என்பது மட்டும் கிடைக்காது.

எதற்கும் முன் கடிகாரம்

லாக்கை எங்கே வைத்தாலும் நேரம் தவறாக இருந்தால் பாதிப் பயன் போய்விடும். இரண்டு சுவிட்ச்சின் வரிகளைப் பக்கத்தில் வைத்து எது முதலில் விழுந்தது என்று பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலையே.

என்டிபி சர்வரைக் கொடுங்கள். 'கிளாக் டைம்ஸோன் ஐஎஸ்டி 5 30' போடுங்கள். பிறகு 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்ஸோன் இயர்'. இதில் 'லோக்கல்டைம்' விட்டுப்போனால் டைம்ஸோன் கொடுத்திருந்தாலும் லாக் யுடிசியில்தான் வரும். சர்வர் இந்திய நேரத்தில், சுவிட்ச் ஐந்தரை மணி நேரம் பின்னால் என்று இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்புவது இங்கிருந்துதான் தொடங்கும். 'இயர்' சேர்க்காவிட்டால் வருடம் வராது; ஆறு மாத லாக்கை டிசம்பர், ஜனவரி தாண்டி வைத்திருக்கும்போது அது தேவைப்படும். பழைய ஐஓஎஸ்களில் டைம்ஸ்டாம்ப் 'அப்டைம்' என்று இருக்கும், அதாவது பூட் ஆனதிலிருந்து எவ்வளவு நேரம் என்பது மட்டும். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் நிறுவனங்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்ததும் அல்ல. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு, கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) டைம் சர்வரோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வரோடு இணைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு சுவிட்ச்சையும் இணையத்துக்கு அனுப்பத் தேவையில்லை. உள்ளே ஒரே ஓர் என்டிபி சர்வர் வெளியே பேசட்டும், சுவிட்சுகள் எல்லாம் அதைக் கேட்கட்டும்.

பஃபர்: உடனே கிடைக்கும், உடனே மறையும்

ராமில் இருக்கும் வட்டப் பதிவு இது. 'ஷோ லாகிங்' அடித்தவுடன் தெரிவது இதுதான். செலவில்லை, சர்வர் வேண்டாம், நெட்வொர்க் அறுந்தாலும் கன்சோல் கேபிள் போட்டுப் படித்துவிடலாம்.

அளவைப் பாருங்கள். கேட்டலிஸ்ட்டில் இயல்பான பஃபர் 4096 பைட். ஒரு வரி ஏறக்குறைய 100 பைட் என்றால் நாற்பது வரி. ஒரு போர்ட் ஒருமுறை விழுந்து எழுந்தால் லிங்க் இரண்டு, லைன்புரோட்டோகால் இரண்டு என்று நான்கு வரி. கிரிம்பிங் சரியில்லாத ஒரே ஒரு கேபிள் பத்து முறை ஆடினால், நேற்று இரவு நடந்த அத்தனையும் அழிந்துபோகும். சுவிட்ச்சில் லாக் இல்லை என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் லாக் இருந்தது, மேலே வேறு லாக் ஏறிவிட்டது.

'லாகிங் பஃபர்டு 65536 இன்ஃபர்மேஷனல்' என்று போட்டால் அறுநூறு வரிக்கு மேல் நிற்கும். 2960-எக்ஸ் போன்ற சுவிட்ச்சுக்கு 64 கேபி ஒரு பொருட்டே இல்லை. சிலர் இதைப் பல எம்பி வரை ஏற்றிவிடுகிறார்கள். கட்டளை ஏற்றுக்கொள்ளும்தான், ஆனால் அந்த ராம் சுவிட்ச்சின் மற்ற வேலைகளிடமிருந்து எடுக்கப்படுகிறது, படிக்கும்போதும் முடிவில்லாமல் ஓடும். 64 முதல் 256 கேபி வரை நியாயமான எல்லை. மாற்றும் முன் இருக்கும் லாக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு தேடும் நடுவில் பஃபரைத் தொடுவது நல்ல பழக்கமில்லை.

பஃபரின் பெரிய குறை, ரீலோட் ஆனாலோ கரண்ட் போனாலோ எல்லாம் போய்விடும் என்பது. சுவிட்ச் ஏன் ரீஸ்டார்ட் ஆனது என்ற கேள்விக்கு ரீஸ்டார்ட்டில் அழியும் பதிவு பதில் சொல்லாது. அங்கே 'ஷோ வெர்ஷன்' உதவும்: 'பவர்-ஆன்' என்று காரணம் காட்டினால் மின்சாரம்தான். சாஃப்ட்வேர் கிராஷ் என்றால் ஃப்ளாஷில் கிராஷ்இன்ஃபோ கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல சுவிட்சுகளை ஒன்றாகச் சேர்த்த ஸ்டாக் அமைப்பில் பஃபர் மாஸ்டரிடம் இருக்கும், மாஸ்டர் செத்தால் அதுவும் சேர்ந்து போகும்.

மைக்ரோடிக்கில் இதே வேலையை 'மெமரி' ஆக்‌ஷன் செய்கிறது, இயல்பாக 1000 வரி. அளவு பைட்டில் அல்லாமல் வரியில் எண்ணப்படுவதால் கணக்குப் போடுவது சுலபம்.

கன்சோலும் டெர்மினலும்

இவை சேமிப்பதற்கானவை அல்ல, பார்ப்பதற்கானவை. ஆனால் தவறாக விட்டால் கெடுதல் செய்யக்கூடியவை இவை இரண்டும்தான்.

ஐஓஎஸ்ஸில் கன்சோல் லாகிங் இயல்பாகவே டீபக் லெவலில் திறந்திருக்கும். கன்சோல் வேகம் 9600. அதாவது வினாடிக்கு 960 எழுத்து. நூறு எழுத்து வரி என்றால் வினாடிக்கு ஒன்பது, பத்து வரிதான் வெளியே போகும். லூப் வந்து மேக் ஃப்ளாப் செய்திகள் கொட்டும்போதோ, யாரோ டீபக் போட்டுவிட்டு மறந்தாலோ, ஒவ்வோர் எழுத்தையும் இந்தக் குறுகிய வழியாகத் தள்ளுவதிலேயே சிபியு திணறும். எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக உள்ளே போகும் முறை) பதில் சொல்லாது. கன்சோலில் கேபிள் செருகியிருக்கிறதா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் சுவிட்ச் எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

'லாகிங் கன்சோல் கிரிட்டிக்கல்' போதும். முழுதாக அணைப்பதைவிட இது நல்லது, ரேக் முன்னால் நிற்பவருக்கு மோசமான செய்தியாவது தெரியும். கன்சோல், விடிஒய் (எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையும்) லைன்களில் 'லாகிங் சிங்க்ரனஸ்' சேர்த்தால் நீங்கள் அடிக்கும் கட்டளையின் நடுவில் லாக் வந்து உடைக்காது.

எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய்ப் பார்ப்பவர்கள் 'டெர்மினல் மானிட்டர்' அடித்தால்தான் லாக் திரையில் வரும். அது அந்த ஒரு செஷனுக்கு மட்டும். டீபக் போடப் போகிறீர்கள் என்றால் அதை நிறுத்தும் 'அன்டீபக் ஆல்' கட்டளையை முதலில் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். திரை ஓடும்போது எழுத்து தெரியாது, கண்மூடி அடிக்க வேண்டிவரும்.

ஃப்ளாஷ்: பாதுகாப்பு போலத் தெரிவது

ரீஸ்டார்ட் ஆனாலும் நிற்கும் என்பதால் எல்லோருக்கும் முதலில் பிடிப்பது இதுதான். கேட்டலிஸ்ட்டில் 'லாகிங் ஃபைல் ஃப்ளாஷ்:லாக்.டிஎக்ஸ்டி 65536 4096 4' என்று போட்டால், அதிகபட்சம் 64 கேபி வரை வார்னிங்கும் அதற்கு மேற்பட்ட தீவிரமும் கோப்பில் சேரும். 'மோர் ஃப்ளாஷ்:லாக்.டிஎக்ஸ்டி' என்று படிக்கலாம். அளவு கொடுக்காவிட்டால் இங்கும் 4096 பைட்தான்.

இதை முதன்மையாக வைக்காததற்குக் காரணங்கள் உண்டு. ஃப்ளாஷ் எழுதி எழுதித் தேயும் பொருள். 2960-எக்ஸில் இருப்பது 128 எம்பி, அதிலேயேதான் ஐஓஎஸ் இமேஜும் கான்ஃபிக்கும் இருக்கின்றன. மைக்ரோடிக் சிஆர்எஸ் வரிசையில் சில மாடல்களில் மொத்தமே 16 எம்பி. அங்கே இன்ஃபர்மேஷனல் லெவல் லாக்கைத் தினமும் எழுத வைப்பது, சுவிட்ச்சின் ஆயுளைக் கொடுத்து, போர்ட் விழுந்து எழுந்த கதையை வாங்குவது.

இன்னொன்று, எல்லா நிறுவனத்தின் 'ஃப்ளாஷ் லாக்'கும் உடனுக்குடன் எழுதுவதில்லை. டிபி-லிங்க் ஜெட்ஸ்ட்ரீம் வரிசையில் லாக் ஃபைல் இயல்பாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ராமிலிருந்து ஃப்ளாஷுக்குப் போகும். நடுவில் கரண்ட் போனால், எதற்காக ஃப்ளாஷ் லாக் வைத்தீர்களோ அந்தக் கடைசி சில மணி நேரம்தான் காணாமல் போகும். உடனே எழுதும் முறைக்கு மாற்றலாம், ஆனால் அப்போது லெவலைக் குறைத்துவிடுங்கள்.

திருட்டு, தீ, மின்னல் என்று சுவிட்ச்சே போய்விட்டால் ஃப்ளாஷும் அதோடு போகும். சுவிட்ச்சுக்குள் நுழைந்தவர் கோப்பை அழித்துவிடவும் முடியும்.

அப்படியானால் எதற்கு? அப்லிங்க் (மற்ற நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு) அறுந்த செய்தி அப்லிங்க் வழியாக வெளியே போக முடியாது. தூரத்தில், ஒரே ஃபைபரில் தொங்கும் சுவிட்ச் தனித்து நின்ற நேரத்தில் என்ன பார்த்தது என்பதைச் சர்வர் அறியாது. பிறகு கரண்டும் போய்த் திரும்பியிருந்தால் பஃபரும் காலி. அந்த ஒரு சூழலுக்கு, லெவல் 4 வரை, ஃப்ளாஷ் சரியான பதில். வாசல் செக்யூரிட்டி அறை, ஹாஸ்டல், கொடவுன் போன்ற ஓரத்து சுவிட்சுகளில் மட்டும் போடுங்கள். சர்வர் ரூமில் யுபிஎஸ்ஸில் நிற்கும் சுவிட்ச்சுக்குத் தேவையில்லை.

சிஸ்லாக் சர்வர்

எல்லா சுவிட்ச்சின் வரிகளும் ஒரே இடத்தில், நேர வரிசையில், மாதக்கணக்கில். லூப் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க இதற்கு இணை எதுவும் கிடையாது. நாலு கட்டளை போதும்: 'லாகிங் ஹோஸ்ட் 192.168.10.5', 'லாகிங் டிராப் இன்ஃபர்மேஷனல்', 'லாகிங் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ் விலான் 10', 'லாகிங் ஆரிஜின்-ஐடி ஹோஸ்ட்நேம்'.

மூன்றாவதை விட்டுவிட்டால் லேயர் 3 (ரூட்டிங் செய்யும்) சுவிட்ச் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வெளியேறுகிறதோ அந்த ஐபியோடு அனுப்பும். ரூட் மாறும்போது ஐபியும் மாறும், சர்வரில் ஒரே சுவிட்ச் இரண்டு மூன்று பெயரில் சிதறிக் கிடக்கும். தனி மேனேஜ்மென்ட் போர்ட் வழியாக அனுப்பும் 9000 வரிசை சுவிட்சுகளில் ஹோஸ்ட் வரியோடு 'விஆர்எஃப் எம்ஜிஎம்டி-விஆர்எஃப்' (அந்தப் போர்ட்டின் தனி ரூட்டிங் பட்டியல்) என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டளை பிழை காட்டாது, பாக்கெட்டும் வராது.

இயல்பாகப் போவது யுடிபி 514. யுடிபிக்கு ஒப்புகை கிடையாது. 'ஷோ லாகிங்'கில் சர்வருக்கு 1300 வரி அனுப்பியதாகக் காட்டினால், அனுப்பியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. சர்வர் மூன்று நாளாக அணைந்து கிடந்தாலும் அந்த எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். டிசிபிக்கு மாற்றினால் இது ஓரளவு சரியாகும். டிஎல்எஸ் (மறையாக்கம் செய்து அனுப்பும்) வழி, போர்ட் 6514, புதிய ஐஓஎஸ் எக்ஸ்இ பதிப்புகளில் உண்டு. சான்றிதழ் காலாவதியானால் லாக் சத்தமில்லாமல் நின்றுபோகும் என்பது அதன் விலை. மேனேஜ்மென்ட் விலான் தனியாக, ஒரே வளாகத்துக்குள் என்றால் யுடிபியே போதும் என்பது நம் கருத்து. லாக் பொது இணையத்தைக் கடந்து போகிறது என்றால் யுடிபி வேண்டாம், டிஎல்எஸ் அல்லது விபிஎன். சிஸ்லாக் வரியில் யூசர் பெயரும் ஐபியும் வெட்டவெளியாகப் போகும்.

சர்வர் பக்கம் எதைப் போடுவது? பரிசோதனைக்கு, கையிலிருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் டிஎஃப்டிபிடி64 போதும், அதற்குள்ளேயே சிஸ்லாக் சர்வர் இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலில் உள்ளே வரும் யுடிபி 514-ஐத் திறக்க மறக்காதீர்கள். நிரந்தரத்துக்கு அது ஆகாது. கிவி சிஸ்லாக்கின் இலவசப் பதிப்பு ஐந்து சாதனத்தோடு நின்றுவிடும், இருபது சுவிட்ச்சுக்கு எட்டாது.

இருபது சுவிட்ச் அளவுக்கு ஒரு சிறிய லினக்ஸ் விஎம்மில் ஆர்சிஸ்லாக்தான் நம் தேர்வு. எழுத்துக் கோப்பு, தேடுவதற்கு கிரெப், பழைய கோப்பைச் சுழற்றி நீக்க லாக்ரொட்டேட், அவ்வளவுதான். டெபியன் 12 முதல் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை, தனியாகப் போட வேண்டும். பிறகு யுடிபி மாட்யூலைத் திறந்து, ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் ஒரு கோப்பு என்று பிரிக்கும் டெம்ப்ளேட் எழுத வேண்டும். கோப்புப் பெயருக்கு ஹோஸ்ட்நேமை நம்பாதீர்கள், அனுப்புநரின் ஐபியை எடுங்கள். சிஸ்கோ தன் வரியின் தொடக்கத்தில் ஒரு வரிசை எண்ணை ஒட்டி அனுப்பும். சாதாரண பார்சர் (வரியைப் பிரித்துப் படிக்கும் நிரல்) அந்த எண்ணையே ஹோஸ்ட்நேம் என்று எடுத்துக்கொண்டால், '1301', '1302' என்று வரிக்கு ஒரு கோப்பு பிறந்து டைரக்டரி நிரம்பும். ஆர்சிஸ்லாக்கில் இதற்கென்றே பிஎம்சிஸ்கோஐஓஎஸ் என்ற பார்சர் மாட்யூல் உண்டு. சுவிட்ச் சொல்லும் நேரம், சர்வர் பெற்ற நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி திடீரென்று கூடினால் அந்த சுவிட்ச்சின் என்டிபி போய்விட்டது என்று உடனே தெரியும்.

கிரேலாக் அழகாகத் தேடும், டாஷ்போர்டு காட்டும், எச்சரிக்கை அனுப்பும். ஆனால் அதன் கீழே மோங்கோடிபியும் ஓப்பன்சர்ச்சும் ஓட வேண்டும், ராமும் பராமரிப்பும் கேட்கும். சுவிட்ச் லாக்குக்கு மட்டும் என்றால் அது அதிகம். ஃபயர்வால், சர்வர், வைஃபை கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட வேண்டும் என்றால் நியாயம். அப்படிப் போட்டால் ஒன்றை மறக்க வேண்டாம்: கிரேலாக் ரூட்டாக ஓடாது, 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைப் பிடிக்க முடியாது. 1514-ல் கேட்க வைத்து, சுவிட்ச்சிலும் அந்தப் போர்ட்டைக் கொடுங்கள், அல்லது சர்வரிலேயே 514-ஐத் திருப்பிவிடுங்கள். ஏற்கெனவே லிப்ரேஎன்எம்எஸ் வைத்திருப்பவர்கள் அதிலேயே சிஸ்லாக்கை இணைத்துவிடலாம். கிராஃபுக்குப் பக்கத்திலேயே லாக் தெரிவது பெரிய வசதி.

எஸ்என்எம்பி டிராப்பை (சாதனம் தானாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி) இதற்கு மாற்றாகக் கேட்பவர்கள் உண்டு. அது மணி அடிக்க, இது படிக்க. டிராப்பில் வரலாறு தேட முடியாது.

எந்த லெவலை எங்கே, இரைச்சலை எப்படி

சர்வருக்கு 6, பஃபருக்கு 6, ஃப்ளாஷ் வைத்தால் 4, கன்சோலுக்கு 2. சர்வரில் இடம் மலிவு, அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

இரைச்சல் என்ற புகார் வரும்போது பலரும் ஆக்சஸ் போர்ட்டுகளில் (பிசி, கேமரா போன்றவை செருகும் போர்ட்டுகள்) 'நோ லாகிங் ஈவென்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' போட்டுவிடுகிறார்கள். அது செய்தியைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்திவிடும், சர்வருக்கும் போகாது. மூன்று வாரம் கழித்து ஒரு கேமரா விட்டு விட்டு வேலை செய்கிறது என்றால், அந்த போர்ட் எத்தனை முறை ஆடியது என்று சொல்ல எதுவும் இருக்காது. அதைவிட 'லாகிங் டிஸ்கிரிமினேட்டர்' நல்லது. குறிப்பிட்ட செய்திப் பெயரைப் பஃபரில் மட்டும் தள்ளிவிட்டு, சர்வருக்கு முழுதாக விடலாம். பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் பெறும்) போன் நிறைய உள்ள சுவிட்ச்சில் 'பவர்_கிரான்டட்' செய்திகளைப் பஃபரிலிருந்து நீக்கினாலே படிக்கத் தகுந்ததாகிவிடும்.

கூடவே இயல்பாக வராத இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'லாகின் ஆன்-ஃபெயிலியர் லாக்' தவறான பாஸ்வேர்டு முயற்சிகளைக் காட்டும். ஆர்க்கைவ் பகுதியில் 'லாக் கான்ஃபிக்' திறந்து, 'லாகிங் எனேபிள்', 'நோட்டிஃபை சிஸ்லாக்', 'ஹைட்கீஸ்' மூன்றையும் போட்டால், யார் என்ன கட்டளை அடித்தார்கள் என்பது வரி வரியாகச் சர்வருக்குப் போகும். 'ஹைட்கீஸ்' இல்லாமல் போட்டால் பாஸ்வேர்டும் சேர்ந்தே போகும்.

படிக்கும்போது தனி வரியைவிட ஜோடிகளைத் தேடுங்கள். 'சிஸ்-5-ரீஸ்டார்ட்' வந்து, அதற்கு முன் 'சிஸ்-5-ரீலோட்' இருந்தால் யாரோ கட்டளை கொடுத்து ரீலோட் செய்திருக்கிறார்கள், எந்த லைனிலிருந்து என்பதும் அதிலேயே இருக்கும். ரீலோட் இல்லாமல் ரீஸ்டார்ட் மட்டும் என்றால் மின்சாரம் அல்லது கிராஷ். ஆனால் ரீஸ்டார்ட் வரி அப்லிங்க் தயாராகும் முன்பே எழுதப்படுவதால் சர்வருக்கு வராமலும் போகலாம், அதைப் பஃபரில் பாருங்கள். இரண்டு இடமும் வேண்டும் என்பது இதனால்தான்.

மேக் ஃப்ளாப் செய்தியில் ஒரு மேக், ஒரு விலான், இரண்டு போர்ட் இருக்கும். ஒன்று அப்லிங்க், மற்றது ஆக்சஸ் போர்ட் என்றால் லூப் பெரும்பாலும் ஆக்சஸ் போர்ட்டுக்குப் பின்னால். மேசைக்கடியில் ஒரு சிறிய அன்மேனேஜ்டு சுவிட்ச் இருக்கும், அதன் இரண்டு வாயில் ஒரே கேபிள். இரண்டும் ஆக்சஸ் பாயின்ட் உள்ள போர்ட்டுகள், ஒரே ஒரு மேக் மட்டும் எப்போதாவது தாவுகிறது என்றால் யாரோ போனோடு நடக்கிறார்கள், கவலை வேண்டாம். பல மேக்குகள் ஒரே நிமிடத்தில் அதே இரண்டு போர்ட்டுக்கிடையே தாவினால்தான் ஓட வேண்டும்.

எவ்வளவு நாள், எவ்வளவு இடம்

செர்ட்-இன் உத்தரவு லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்கிறது. பஃபராலும் ஃப்ளாஷாலும் அது நடக்காது, ஆகவே அந்த உத்தரவுக்கு உட்பட்டவர்களுக்குச் சர்வர் வேண்டுமா என்ற கேள்வியே எழாது. இடம் பற்றிப் பயப்படவும் தேவையில்லை. ஒரு சுவிட்ச் நாளுக்கு 5000 வரி, வரிக்கு 150 பைட், இருபது சுவிட்ச் என்று தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 15 எம்பி. 180 நாளுக்கு 2.7 ஜிபி, சுருக்காமலேயே. லாக்ரொட்டேட்டில் தினசரி, 180 கோப்பு, கம்ப்ரஸ் என்று வையுங்கள். அதன் இயல்பு அமைப்பு சில வாரங்களில் அழித்துவிடும், மாற்றாமல் விட்டால் ஆறாவது மாதத்தில்தான் தெரியவரும்.

போட்டபின் சோதனை

காலியாக இருக்கும் ஒரு போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி எடுங்கள். 'ஷோ லாகிங்'கில் வரி இருக்கிறதா, முன்னால் நட்சத்திரம் இல்லையா என்று பாருங்கள். சர்வரில் டிசிபிடம்ப்பை (வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) யுடிபி 514-ல் வைத்தால் வரியின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் ஓர் எண் தெரியும். 187 என்றால் லோக்கல்7, எரர். 189 என்றால் லோக்கல்7, நோட்டிஃபிகேஷன். லோக்கல்7 என்ற வகையின் எண்ணான 23-ஐ எட்டால் பெருக்கித் தீவிரத்தைக் கூட்டினால் வரும் எண் அது. டிசிபிடம்ப்பில் வந்து கோப்பில் வரவில்லை என்றால் சர்வர் ஃபயர்வாலோ டெம்ப்ளேட்டோ காரணம். டிசிபிடம்ப்பிலேயே வரவில்லை என்றால் சோர்ஸ் இன்டர்ஃபேஸ், விஆர்எஃப், நடுவில் உள்ள ஏசிஎல் (பாக்கெட்டை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் விதி) என்ற வரிசையில் தேடுங்கள். எல்லாம் சரியானால், கான்ஃபிக்கைச் சேமித்து, வேலை நேரம் முடிந்தபின் ஒரு சுவிட்ச்சை ஒருமுறை ரீலோட் செய்து, திரும்பி வந்த பிறகு என்டிபி ஒத்துப்போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவையுங்கள். அந்த நிமிடங்களுக்குள் வரும் லாக்கின் நேரத்தை மட்டும் சர்வர் பெற்ற நேரத்தை வைத்துப் படிக்க வேண்டும்.